மூச்சைக் கேட்டு வாய் திறப்பவர்

பிப்ரவரி 26

சந்திரபூபதிக்குத் தொகுதி கொடுத்துவிட்டார்கள். காலையில் அவர் வீட்டிலிருந்து லட்டு வந்தது. மாலையில் அவரே வந்தார். இருபது வருடமாகத் திரையில் அவர் வாயசைக்க, நான் பாடி வருகிறேன். என் வீட்டுக்கு அவர் வருவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது அப்பா இறந்தபோது.

"பாட்டுக்காரரே, பிரச்சாரத்துக்கு நீங்களும் வரணும்."

"எனக்கு மேடையில பேச வராதே சார்."

"பேச யாருய்யா கூப்பிட்டா? பாடணும். அதுவும் மேடையில இல்ல, வேனுக்குள்ள."

விஷயம் இதுதான். பிரச்சார வேனின் கூரையில் ஓர் ஓட்டை. அதன் வழியாக இடுப்புக்கு மேல் வெளியே நின்று அவர் கையசைப்பார். நடுநடுவே தம் படப் பாட்டில் நாலு வரி பாடுவார். முதலில் கேசட் வைத்துப் பார்த்தார்களாம். ஜெனரேட்டர் திணறும்போதெல்லாம் டேப் இழுத்து, தலைவர் எருமைக் குரலில் காதலித்தாராம். ஆகவே உயிருள்ள கேசட் ஒன்று தேவைப்படுகிறது.

அவர் சொந்தக் குரலில் பாடுவதில்லை என்று ஜனங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததை வேண்டிய நேரத்தில் மறந்துவிடும் பெருந்தன்மை நம் ஜனங்களுக்கு உண்டு.

ஒப்புக்கொண்டேன். ரெபேக்காள், "ரெக்கார்டிங் ஏதாவது வந்துச்சுன்னா?" என்று கேட்டாள். மனைவி என்பதால் மரியாதைக்குக் கேட்டாள். ஆறு மாதமாக வரவில்லை என்பது வீட்டிலேயே இருக்கும் அவளுக்குத் தெரியும்.

சந்திரபூபதியின் குரல் சற்றுக் கரகரத்தது. லட்டு என்றார்.

மார்ச் 2

நாளை புறப்பாடு. பெட்டியில் வேட்டிகள், பனங்கற்கண்டு, மிளகு, தடித்த ரோமானிய சரித்திரம் ஒன்று. அதில் இரண்டு வருடமாக முதல் அத்தியாயத்தில் இருக்கிறேன். ரோம் இன்னும் விழவில்லை.

மார்ச் 3

சென்னையை விட்டுக் கிளம்பும் வழியில் ஒரு தொண்டை டாக்டரின் வீட்டில் காரை நிறுத்தச் சொன்னார் சந்திரபூபதி. நான் முன்னறையில் பழைய வாரப் பத்திரிகைகளைப் படித்தேன். வெகுநேரம் கழித்து, சட்டையின் காலர் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். அவர் அந்தப் பொத்தானைப் போடுவதே இல்லை. ரசிகர்களுக்குச் செயின் தெரிய வேண்டும்.

"என்ன சொன்னாரு சார்?"

"ஓய்வு எடுக்கணுமாம். எலெக்சன் முடியட்டும், எடுத்துக்கறேன்னேன்."

"சரின்னாரா?"

"டாக்டர்னா எதையாவது சொல்லிட்டுத்தான்யா இருப்பாங்க."

நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதைச் செங்கல்பட்டு வரை கவனித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கவனிக்கவில்லை.

மார்ச் 5

முதல் நாள். மேலே அவர் கையில் இருப்பது செத்த மைக். உயிருள்ள மைக் கீழே என்னிடம். ஸ்டூல் சற்றுப் பள்ளமாக இருந்ததால் ரோமானிய சரித்திரத்தைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். உயரம் சரியாக வந்தது. அந்தப் புத்தகம் இவ்வளவு பயன்படுவது இதுவே முதல் தடவை.

எங்கள் தொழில்முறையை இங்கே எழுதிவைக்கிறேன். மற்ற நடிகர்கள் பாட்டின் சொற்களை மனப்பாடம் செய்வார்கள். சந்திரபூபதி என் மூச்சை மனப்பாடம் செய்வார். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் நான் மூச்சை இழுக்கும் ஓசை நாடாவில் பதியும். அதை வெட்டி எடுக்க வரும் ஒலிப்பதிவாளர்களின் கையைப் பிடித்துத் தடுப்பார். "அத வெட்டாதீங்கய்யா. அது கேட்டாத்தான் எனக்கு வாயே திறக்கும்." அதனால் அவர் படங்களில் வாயும் பாட்டும் பிசகியதில்லை. பத்திரிகைகள் அதை நடிப்பு என்று எழுதின. ஒரு பத்திரிகை மட்டும் யோகசக்தி என்று எழுதியது.

பதிலுக்கு நானும் ஒன்று செய்தேன். அவர் பேச்சில் மூக்கின் சாயல் உண்டு. வசனம் முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் தையல் தெரியக்கூடாது என்று நானும் மூக்கில் பாடப் பழகினேன். இப்போது வீட்டில் உப்பு கேட்டாலும் அந்தக் குரலில்தான் வருகிறது. "ஷூட்டிங் முடிஞ்சிருச்சு, சாப்பிடுங்க" என்பாள் ரெபேக்காள்.

வேனுக்குள்ளிருந்து எனக்குத் தெரிவது அவருடைய வேட்டிக்கரை, கெண்டைக்கால், புதுச் செருப்பு. கூட்டம் தெரியாது, கேட்கும். என் பாட்டுக்கு ஜனங்கள் கைதட்டுவதை நேரில் கேட்பது இதுவே முதல் தடவை. ரெக்கார்டிங் தியேட்டரில் யாரும் கைதட்ட மாட்டார்கள். டீ வரும்.

மார்ச் 8

காலையில் அவர் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

லாட்ஜ் அறையில் ஒரே அமளி. தேர்தல் பொறுப்பாளர் தணிகாசலம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அரிசி மில் வைத்திருப்பவர். எதையும் அரைத்தே பழக்கப்பட்டவர். "பாட்டு இருக்கு, சரி. பேச்சுக்கு எங்கய்யா போறது? பேசாத வேட்பாளருக்கு எவன்யா ஓட்டுப் போடுவான்?"

சந்திரபூபதியின் தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று நான் வாசல் பக்கம் திரும்பி, "சூடா பால் கொண்டாங்கப்பா" என்றேன்.

தணிகாசலம் சட்டென்று சந்திரபூபதியைப் பார்த்தார். அவர் வாய் மூடியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரோமானிய சரித்திரத்தில் ஓரிடத்தில் படைவீரர்கள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒருவரை இழுத்துவந்து சக்கரவர்த்தி ஆக்குகிறார்களாம். நான் இன்னும் அந்த அத்தியாயத்துக்கு வரவில்லை. பொருளடக்கத்தில் பார்த்தேன்.

மதியம் முதல் பேச்சு. எழுதிக் கொடுத்தது தணிகாசலம், வாயசைத்தது சந்திரபூபதி, குரல் நான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நன்றாகக் கேட்கும்படி மூச்சை இழுத்தேன். ஒரு பிசகும் இல்லை. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பேசுவதற்கு அவருக்கு ஒரு சிலேட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "பிரமாதம்" என்று அதில் எழுதிக் காட்டினார். தம்மைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

மார்ச் 9

எனக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. யாரும் சிலேட் வாங்கித் தரவில்லை.

மார்ச் 12

இன்று ஒரு சிறு விஷயம் நடந்தது. மேலாத்தூரில் பேச்சு முடியும் நேரம். வேனின் தகரத்தை ஒட்டினாற்போல் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மழை பேஞ்சா ஆத்தத் தாண்ட முடியல. பிள்ளைக பள்ளிக்கூடமே போறதில்ல. இவுக வந்து பாட்டுப் படிக்காக." மேலே நிற்பவருக்கு அது கேட்டிருக்காது. தணிகாசலத்தின் தாளிலோ ஆற்றைப் பற்றி ஒன்றும் இல்லை.

"உங்க ஆத்துக்குப் பாலம் வரும்மா. நான் கட்டித் தரேன்" என்றேன்.

கூட்டம் கத்திய கத்தலில் வேன் ஆடியது. மேலே செருப்புகள் இரண்டும் என் பக்கமாகத் திரும்பின. ஒன்று என் தோளில் லேசாக உதைத்தது.

உள்ளே இறங்கியதும் சிலேட்டை எடுத்தார். "மூடின வாயால் பாலம் கட்டிவிட்டேன்" என்று எழுதினார். சத்தமில்லாமல் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "வெற்றிலை" என்று எழுதினார்.

அவர் வெற்றிலை போட்டு நான் பார்த்ததில்லை. பிரச்சாரத்தில் எல்லோருக்கும் புதுப்பழக்கங்கள் வந்துவிடுகின்றன.

தணிகாசலம் முதலில் குதித்தார். பிறகு பாலத்தைப் பேச்சில் சேர்த்துக்கொண்டார்.

மார்ச் 14

சந்திரபூபதியின் மனைவி கமலவேணி அண்ணி சென்னையிலிருந்து வந்திருக்கிறார். கணவர் தூங்கும் நேரம் பார்த்து என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, டாக்டர் என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஓய்வு எடுக்கணும்னு..."

"டாக்டரே வீட்டுக்குப் போன் பண்ணினார். உள்ள ஒரு கட்டி இருக்காம். நல்ல கட்டி இல்லையாம். அன்னிக்கே வந்து சேரச் சொல்லியிருக்கார். இவர் தேர்தலக் காட்டிட்டு இங்க வந்து நிக்கிறார்."

"நீங்க சொல்லிப் பாத்தீங்களா அண்ணி?"

"கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன். ஒண்ணு கேட்டிருக்காரா? உங்களாலதான் முடியும்."

"நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. சும்மா இருங்க, அது போதும். குரல் இல்லன்னா அவர் வேன்ல ஏறுவாரா? நீங்க பேசற வரைக்கும் அவருக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு."

யோசிக்கிறேன் என்றேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்சி, கூட்டணி, தொகுதி மக்கள் என்று யோசிக்க வேண்டிய பிற விஷயங்களும் இருக்கின்றன. நாளை சந்தைப்பேட்டை. அங்கே எப்போதும் நல்ல கூட்டம் சேருமாம்.

மார்ச் 15

பாலத்தைப் பற்றிச் சொன்னதும் விசில் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சந்தைப்பேட்டையில் ஆறு இல்லை.

வேன் ஓட்டும் மைதீன், "கைதட்டு விழுறப்பல்லாம் கண்ணாடியில உங்க மொகத்தப் பாக்கணுமேண்ணே! மாப்பிள்ள ஊர்கோலம் போற மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தான். உள்ளே புழுக்கம் அதிகம். முகம் சிவந்திருக்கும்.

அண்ணி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு மட்டும் பரிமாறினார். எனக்கு இரண்டாம் முறை ரசம் ஊற்றவில்லை.

மார்ச் 17

பேச்சின் நடுவே ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நான் நிறுத்திவிட்டேன். மேலே அவருக்கு அது தெரிய ஒரு கணம் பிடித்தது. கையை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, சத்தமே இல்லாமல் அவர் முழங்கிக்கொண்டிருந்திருக்கிறார். முன்வரிசையில் யாரோ, "ஏலே, ஊமைப் படம் ஓடுதுடோய்!" என்று கத்த, சிரிப்பு அலையலையாக வந்தது.

எதிர்க்கட்சிக்காரர்கள் விடுவார்களா? மதியமே அவர்களுடைய ஆட்டோ தெருத்தெருவாகப் போய்ச் சொன்னது: "வாக்காளப் பெருமக்களே! கடைசிக் கூட்டத்துல வேட்பாளர மைக் இல்லாம ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க!"

தணிகாசலத்துக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. கடைசிக் கூட்டத்தில் மேளம், வேட்டு, நாதஸ்வரம் எல்லாவற்றையும் வேனைச் சுற்றி நிறுத்தப்போகிறாராம். அந்தச் சத்தத்தில் யார் எதைக் கேட்டாலும் கேட்காது.

சந்திரபூபதியின் வலது செருப்பு இன்று காலிலிருந்து நழுவி என் மடியில் விழுந்தது. வாங்கிய அன்று அளவாக இருந்த செருப்பு. எடுத்து மாட்டிவிட்டேன். குதிகாலைச் சுற்றி என் விரல் போக இடம் இருந்தது.

மார்ச் 19

மதியம் ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்திச் சாப்பிட்டோம். அவருக்குக் குழைந்த ரசஞ்சாதம். இரண்டாவது வாயிலேயே அது உள்ளே போகாமல் நின்றுவிட்டது. கண்கள் பிதுங்கின. மைதீன் அவர் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினான். நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதற்குமேல் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. கடைசியில் வெளியே வந்தது சோறு மட்டுமல்ல. வேட்டியின் முன்புறமெல்லாம் சிவப்பு.

"சார், ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றேன். என் சொந்தக் குரலில் சொன்னேன். கேட்க எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் தலையசைத்து மறுத்தார். மூச்சு நிதானமான பிறகு சிலேட்டை வாங்கி எழுதினார்: "நாளைக்கு ஒரு கூட்டம். அப்புறம் ஓட்டு எண்ணி முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்." அதை அழித்துவிட்டு, அழுத்தி எழுதினார்: "நீங்க இருக்கும்போது எனக்கென்ன?"

சிலேட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் அதை ஈரத்துணியால் துடைத்தேன். வெள்ளை போயிற்று. அழுத்தி எழுதியதால் கீறல் போகவில்லை.

மார்ச் 20

கடைசிக் கூட்டம், பேருந்து நிலையத்தில், மாலை வெயிலில். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேளமும் வேட்டும் ஓய்ந்தன. முன்னால் எதிர்க்கட்சி ஆட்கள் தயாராக நின்றார்கள். "மைக்க கீழ வைய்யி! மைக்க கீழ வைய்யி!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். தணிகாசலம் வேனின் பக்கவாட்டில் தலையை நுழைத்து, "ஆரம்பிங்கய்யா! சீக்கிரம்!" என்று பல்லைக் கடித்தார்.

நான் மூச்சை இழுத்தேன். கொம்பு ஸ்பீக்கரில் அது ஊருக்கே கேட்டது. மேலே அவர் வாய் திறந்திருக்கும். எனக்குப் பார்க்காமலே தெரியும்.

நான் பேசவில்லை.

செருப்பு தரையைத் தட்டியது. மறுபடி தட்டியது. பிறகு என் தோளைத் தேடி வந்தது. நான் தோளை நகர்த்திக்கொண்டேன். "யோவ்! யோவ், பாட்டுக்காரரே!" என்றார் தணிகாசலம். கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது.

என் மைக்கை அவர் இடுப்புக்கும் ஓட்டையின் விளிம்புக்கும் இடையே இருந்த சந்தில் மேலே நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. நான் இறக்கவில்லை. கை வலித்தது. தணிகாசலம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மைதீன் இறங்கி வந்து தணிகாசலத்தைப் பிடித்து இழுத்தான். ஒரு வழியாக மேலிருந்து விரல்கள் வந்தன. குளிர்ந்திருந்தன. மைக்கை எடுத்துக்கொண்டன.

ஸ்பீக்கரில் முதலில் வந்தது மூச்சு. அவருடைய மூச்சு. தகரத்தில் மணல் உரசுவதுபோல் இருந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

பிறகு, "முடியலம்மா..." என்றார். "தொண்டையில... கட்டி. முடியல."

பேருந்து நிலையத்தில் பேருந்துகளின் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. தாளம் போட்டவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

வேனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது: "ஐயோ, அப்புறம் இங்க என்னய்யா நிக்கிறீக? ஆசுபத்திரிக்குப் போங்கய்யா! ஓட்ட நாங்க போட்டுக்கிடுறோம்!"

"போங்கய்யா! போங்க!" என்று நாலாபக்கமும் கிளம்பியது. "ஏய், வழிய விடுங்கடா!" என்று முதலில் கூட்டத்தை விலக்கியவன், மைக்கைக் கீழே வைக்கச் சொன்னவர்களில் ஒருவன்.

அவர் உள்ளே இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. அண்ணி காரோடு நின்றிருந்தார். சந்திரபூபதி மைக்கை மட்டும் என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 21

தணிகாசலம் காலையில் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "என்ன மூளைய்யா உமக்கு! பொம்பளைங்க பூரா அழுதுட்டாங்க. அந்தப் பக்கத்து ஓட்டெல்லாம் சாஞ்சிருச்சு. இத ஆரம்பத்துலயே பண்ணியிருக்கலாமேய்யா!"

அண்ணியும் அதையேதான் சொல்லியிருந்தார். வேறு காரணத்துக்காக.

மார்ச் 29

சென்னை. அறுவை சிகிச்சை முடிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனி கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு.

"உயிருக்கு இப்ப பயமில்ல. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா குரலையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

"எவ்வளவு முன்னாடி டாக்டர்?" என்று அண்ணி கேட்டார்.

நான் காபி வாங்கக் கேன்டீனுக்குப் போய்விட்டேன். அங்கே நல்ல கூட்டம். திரும்பிவர நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 4

சந்திரபூபதி ஜெயித்துவிட்டார். தணிகாசலம் மாலையோடு வந்தார். மாலையை நர்ஸ் வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள். என்னைத் தனியாக அழைத்துப்போய், "பதவிப் பிரமாணத்த வாயால எடுக்கணுமே, என்ன பண்றது? சட்டசபைய உள்ள போய்ப் பாத்துட்டு வந்தேன். ஆள் உக்கார்ற மாதிரி கீழ இடமே இல்லய்யா" என்றார். மிகுந்த கவலையோடு சொன்னார்.

அவர் போனதும் ஒரு தயாரிப்பாளர் பழக்கூடையோடு வந்தார். "அண்ணனுக்கு வாய்க்கு ஒண்ணும் இல்லையே? அது போதும். பாட்டுக்கு நீங்க இருக்கீங்க. இனிமே வசனத்துக்கும் நீங்களே இருந்துட்டாப் போச்சு." எனக்கு வேலை வந்திருக்கிறது. ரெபேக்காளிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

இன்றுதான் என்னை உள்ளே விட்டார்கள். விட்டது நர்ஸ் அல்ல, அண்ணி. "போங்க, கேட்டுட்டே இருக்கார்" என்றார். என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

தலையணையில் சாய்ந்திருந்தார். கழுத்தில் மெல்லிய துணி. அது உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. அவர் மூச்சு விடுவது அங்கேதான். வாய்க்கும் மூக்குக்கும் இனி அதில் சம்பந்தமில்லை.

பழைய சிலேட்டையே வைத்திருந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது கீறல் தெரிந்தது. அதன் மேலேயே எழுதினார்: "பாலம் எந்த ஊருக்கு?"

"ரெண்டு ஊருக்குச் சொல்லிட்டேன் சார். ஒண்ணுல ஆறு இல்ல."

தோள்கள் குலுங்கச் சிரித்தார். கழுத்துத் துணி படபடத்தது. சிரித்து முடித்தும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரைக் காலுக்கு மேலே நான் பார்த்து வெகுநாளாகிறது.

நான் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. வரும் வழியெல்லாம் ஆட்டோவில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். பெரிய வாக்கியம் இல்லை. அதைச் சொல்ல மூச்சை இழுத்தேன்.

அவர் வாய் திறந்தது.

வேண்டுமென்று திறக்கவில்லை, அவருக்கே அது பிறகுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் மூடவில்லை. நான் இழுத்த மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திறந்த வாயோடு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.